தோலின் கனமும் உடையின் விரிவும்: வாசகர் கேள்வி – பதில்

பழைய ஐரோப்பிய உடைகளை நாடக மேடைக்காகத் தைப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தோலைப் பற்றியவை. துணி தைத்துப் பழகிய கைகள் முதன்முறையாகத் தோலைத் தொடும்போது எங்கே தடுமாறும் என்பதை அந்தக் கடிதங்கள் துல்லியமாகக் காட்டின. எனவே இந்த மாதப் பகுதி முழுவதையும் தோலுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கல்லூரி மாணவர்கள் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைக் களமாகக் கொண்ட ஒரு நாடகத்தை அரங்கேற்றுகிறார்கள். குதிரைப்படைத் தலைவனின் தோல் கோட்டை நாங்களே தைக்க விரும்புகிறோம். எந்தத் தடிமனில் தோல் வாங்க வேண்டும்? இடுப்புக்குக் கீழே பாவாடைபோல விரியும் பகுதிக்குச் சுருக்கு வைக்கலாமா, ப்ளீட் வைக்கலாமா?
– கல்லூரி ஆசிரியர், மதுரை

பதில்: நீங்கள் குறிப்பிடுவது ‘பஃப் கோட்’ எனப்படும் உடை. 1642 முதல் 1651 வரை நடந்த அந்தப் போரில் இரு தரப்புக் குதிரைவீரர்களும் அதை அணிந்தார்கள். மீன் எண்ணெய் ஊட்டிப் பதனிட்ட, மேல்தோல் சீவி எடுக்கப்பட்ட, இரண்டு பக்கமும் வெல்வெட்போல மென்மயிர் கொண்ட வெளிர்மஞ்சள் தோலில் அது தைக்கப்பட்டது. ‘பஃப்’ என்ற சொல் எருமையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்றாலும், கோட்டுகள் பெரும்பாலும் மாட்டுத் தோலிலும், எல்க் என்னும் பெரிய வகை மானின் தோலிலும் செய்யப்பட்டன. இதை நான் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்னை பெரியமேட்டுக் கடைகளில் ‘பஃப்’ என்று கேட்டால் எருமைத் தோலைத்தான் எடுத்து வைப்பார்கள். அது தவறில்லை, நம் ஊர் வழக்கில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். உங்களுக்கு வேண்டியது இரு பக்கமும் ஸ்வேட் (மென்மயிர் எழுப்பிய தோல்) போலத் தெரியும், வெளிர்மஞ்சள் அல்லது மணல் நிற ஸ்பிளிட் தோல், அதாவது மேலடுக்கு நீக்கப்பட்ட தோல். அப்படி விளக்கிக் கேளுங்கள்.

அந்தக் காலக் கோட்டுகளின் தடிமனை அப்படியே பின்பற்ற வேண்டாம். லிட்டில்கோட் மாளிகையில் இருந்து இன்று லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் கோட்டுகளைப் போன்ற எஞ்சியுள்ள உருப்படிகளைப் பார்த்தால், ஒரே கோட்டிலேயே தோல் இடத்துக்கு இடம் வேறுபடுவது தெரியும். தொடைகளின் மேல் விழும் கீழ்ப்பகுதி மிகத் தடிமனாகவும், கை வளைய வேண்டிய இடங்கள் மெல்லியதாகவும் இருக்கும். முழங்கை வரை தடித்த கை, அதற்கு உள்ளிருந்து மணிக்கட்டு வரை நீளும் மெல்லிய கை என்று இரட்டைக் கை வைத்த கோட்டுகளும் உண்டு. வாள்வெட்டைத் தாங்குவதற்காகவே அந்தத் தடிமன் வைக்கப்பட்டது. ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் அடால்ஃப் 1632இல் லூட்சன் போரில் இறந்தபோது அணிந்திருந்தது இத்தகைய எல்க் தோல் கோட்டுதான். 1627இல் பட்ட குண்டு கழுத்தருகே தங்கிவிட்டதால் அவரால் இரும்புக் கவசம் அணிய இயலவில்லை. வியன்னாவுக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தக் கோட்டு 1920இல் ஸ்வீடனுக்குத் திருப்பித் தரப்பட்டு, இப்போது ஸ்டாக்ஹோமில் உள்ளது. உங்கள் மாணவர் வாள்வெட்டுக்கு நிற்கப் போவதில்லை. மேடை விளக்குகளின் கீழே இரண்டு மணி நேரம் நிற்கப் போகிறார். பார்வையாளரின் கண்ணுக்குத் தடிமனாகத் தெரிய வேண்டும், அணிபவரின் தோளுக்கு இலேசாக இருக்க வேண்டும் என்பதே உங்கள் கணக்கு.

எடையைக் கணக்கிட ஓர் எளிய வழி சொல்கிறேன். 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள தோல் ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 70 கிராம் இருக்கும். நடுத்தர உடல்வாகுள்ள ஒருவருக்கு இந்தக் கோட்டின் வெட்டிய துண்டுகள் மட்டும் சுமார் 20 சதுர அடி வரும். முழுவதையும் 4 மி.மீ. தோலில் தைத்தால் ஐந்தரைக் கிலோவைத் தாண்டும். நான் பரிந்துரைப்பது, மேல்பகுதிக்கு 1.4 மி.மீ., கைகளுக்கு 0.9 மி.மீ., கீழ்ப்பகுதிக்கு மட்டும் 2 மி.மீ. என்ற கலவை. இதில் மொத்த எடை இரண்டு கிலோவை ஒட்டியே நிற்கும். விளிம்புகள்தான் கண்ணில் படும் இடம் என்பதால், முன்திறப்பின் ஓரங்களிலும் கழுத்திலும் இரண்டு அங்குல அகலத்துக்கு உட்புறம் இன்னொரு தோலை ஒட்டி வெட்டினால், தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு முழுக் கோட்டும் தடித்த தோலாகவே தோன்றும்.

இனி உங்கள் கேள்வியின் கடினமான பாதிக்கு வருகிறேன். சுருக்கும் வேண்டாம், ப்ளீட்டும் வேண்டாம். வளைக்கும்போது தோல் காட்டும் விறைப்பு அதன் தடிமனோடு சமமாக உயர்வதில்லை. தடிமன் இரு மடங்கானால் விறைப்பு ஏறத்தாழ எட்டு மடங்காகும். 0.8 மி.மீ. தோலில் அழகாக விழுந்த மடிப்பு 1.6 மி.மீ. தோலில் விழாமல் முறைத்துக்கொண்டு நிற்பது இதனால்தான். இடுப்புத் தையலையும் எண்ணிப் பாருங்கள். ப்ளீட் உள்ள இடத்தில் கீழ்ப்பகுதி மூன்று அடுக்கு, தையல் விளிம்பை மேல்நோக்கித் திருப்பும்போது மேல்சட்டையும் அதன் விளிம்புமாக இன்னும் இரண்டு அடுக்கு, ஆக ஐந்து. 2 மி.மீ. தோலில் இது ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள வளையமாக இடுப்பைச் சுற்றி நிற்கும். எந்த வீட்டுத் தையல் இயந்திரமும் அதைத் தைக்காது. தைத்தாலும் அதன்மேல் கச்சை கட்ட முடியாது.

விரிவை வெட்டிலிருந்து எடுக்க வேண்டும். நம் ஊரில் ஆறு பார்ட் உள்பாவாடை தைக்காத தையல்காரர் இல்லை. மேலே குறுகி, கீழே அகன்ற ஆறு துண்டுகளை இணைத்தால் இடுப்பில் ஒரு சுருக்குகூட இல்லாமல் கீழே விரிவு கிடைக்கிறது அல்லவா, அதே வழிதான் இதற்கும். ஓர் எடுத்துக்காட்டு: இடுப்பு 90 செ.மீ., கீழ்ப்பகுதியின் உயரம் 45 செ.மீ., கீழ் விளிம்பு இரண்டரை மடங்காக 225 செ.மீ. வேண்டும் என்று கொள்வோம். விளிம்பிலிருந்து இடுப்பைக் கழித்தால் 135. அதை உயரமான 45ஆல் வகுத்தால் 3. இடுப்பான 90ஐ அந்த 3ஆல் வகுத்தால் 30. அதாவது ஒரு தாளில் 30 செ.மீ. ஆரத்தில் ஒரு வளைவும், அதே மையத்திலிருந்து 75 செ.மீ. ஆரத்தில் இன்னொரு வளைவும் வரைந்து, உள்வளைவில் 90 செ.மீ. அளந்து வெட்டினால் ஏறத்தாழ அரைவட்டமான ஒரு வடிவம் கிடைக்கும். அதை ஆறாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் மேலே 15 செ.மீ., கீழே 37.5 செ.மீ. இருக்கும். தையலுக்கு இருபுறமும் ஒரு செ.மீ. விட்டால் போதும். இதற்கு வேண்டிய தோல் 7.6 சதுர அடி. இதே விரிவை நீள்சதுரத் தோலைச் சுருக்கி எடுக்க முயன்றால் 10.9 சதுர அடி தேவைப்படும். விலையிலும் எடையிலும் முப்பது விழுக்காடு மிச்சம் என்பதோடு, இடுப்பும் தட்டையாக அமையும். குதிரையேறுவோருக்கான உடை என்பதால், முன்னும் பின்னும் திறப்பு விட்டு, முன் இரண்டு ஓரங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒரு பக்கத்துக்கு 6 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

என் அனுபவம் ஒன்றையும் இங்கே எழுத வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாடகக் குழுவுக்காக நான் தைத்த முதல் தோல் கோட்டுக்கு, பருத்தித் துணியில் வெள்ளோட்டம் பார்த்து, அது மிக நன்றாக விழுந்ததால் அதே வெட்டில், அதே பெட்டி ப்ளீட்டுகளோடு 2 மி.மீ. தோலை வெட்டிவிட்டேன். நடிகர் அதை அணிந்து நாற்காலியில் அமர்ந்தபோது கீழ்ப்பகுதி முழுவதும் மேலே எழும்பி அவருடைய விலாவை முட்டியது. கழுத்துப்பட்டி காது வரை ஏறியது. தோலில் ஒரு முறை விழுந்த ஊசித்துளை மூடுவதில்லை என்பதால் பிரித்துத் திருத்தவும் வழியில்லாமல், ஆறு தோல்களை இழந்தேன். அன்றிலிருந்து எந்தத் தோல் உடைக்கும் வெள்ளோட்டத்தைப் பருத்தியில் பார்ப்பதில்லை. 2 மி.மீ. தோலுக்குத் தடித்த ஃபெல்ட் துணியிலும், 1 மி.மீ. தோலுக்குப் பழைய ரெக்ஸினிலும் வெட்டி, அணிய வைத்து, உட்காரச் சொல்லி, கைகளை உயர்த்தச் சொல்லிப் பார்த்த பிறகே தோலில் கத்தியை வைக்கிறேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

தையலைப் பொறுத்தவரை, அக்காலக் கோட்டுகளில் தடித்த துண்டுகளின் ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று வைக்காமல், நேருக்கு நேர் முட்டவைத்து, ஊசி தோலின் பாதித் தடிமனுக்குள்ளேயே புகுந்து வெளிவரும்படி கையால் தைத்திருக்கிறார்கள். மிக அழகான வேலை, மிக மெதுவான வேலை. காலம் போதாதென்றால் ஓர் ஓரத்தை இன்னோர் ஓரத்தின்மேல் ஒரு செ.மீ. ஏற்றி, அடியில் வரும் ஓரத்தைச் சீவி மெலிதாக்கி, ரப்பர் சொல்யூஷன் தடவிச் சுத்தியலால் தட்டி, மேலே இரண்டு வரித் தையல் ஓட்டலாம். தோலுக்கு உரிய வெட்டுமுனை ஊசியையும் நைலான் அல்லது பாலியெஸ்டர் நூலையும் பயன்படுத்துங்கள். தையல் நீளம் 3.5 முதல் 4 மி.மீ. வரை இருக்கட்டும். அதைவிட நெருக்கமாகத் தைத்தால் தபால்தலையின் ஓரம்போலத் துளைகள் வரிசையாக நின்று, இழுத்ததும் கிழிந்துவிடும்.

கேள்வி: இடைக்காலப் பாணியில் வட்டமாக விரியும் நீண்ட கோட்டுக்கான அமெரிக்க வெட்டுப்படிவம் ஒன்று வாங்கினேன். அதில் ‘3–4 அவுன்ஸ் தோல்’ என்று இருக்கிறது. என் ஜீன்ஸ் துணியே 14 அவுன்ஸ் என்கிறார்கள். அப்படியானால் 3 அவுன்ஸ் தோல் மிக மெல்லியதாக இருக்காதா? என் இடுப்பு 80 செ.மீ., இடுப்பிலிருந்து 90 செ.மீ. நீளம் வேண்டும்.
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: உங்கள் ஐயம் மிகவும் நியாயமானது. தமிழில் ‘கனமான துணி’ என்றால் எடை அதிகம் என்றும் பொருள், தடிமன் அதிகம் என்றும் பொருள். தோல் வணிகத்தின் அவுன்ஸும் அதுபோலவே எடையின் பெயரில் தடிமனைச் சொல்லும் அளவு. ஒரு சதுர அடித் தோல் ஓர் அவுன்ஸ் நிறுத்தால் அதன் தடிமன் ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, அதாவது 0.4 மி.மீ. ஆகவே 3–4 அவுன்ஸ் என்பது 1.2 முதல் 1.6 மி.மீ. வரை. துணியின் அவுன்ஸோ ஒரு சதுர கஜத்துக்கு உரியது. ஒரு சதுர கஜத்தில் 9 சதுர அடி இருப்பதால், 3 அவுன்ஸ் தோலைத் துணிக் கணக்கில் சொன்னால் 27 அவுன்ஸ் ஆகும். உங்கள் ஜீன்ஸைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனம்.

இப்போது உங்கள் கோட்டைப் பாருங்கள். 80 செ.மீ. இடுப்பும் 90 செ.மீ. நீளமும் கொண்ட முழுவட்டக் கீழ்ப்பகுதிக்கு, வீணாவதைச் சேர்க்காமலே, 35 சதுர அடித் தோல் வேண்டும். 1.4 மி.மீ. தோலில் அது மட்டும் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. அந்தச் சுமை முழுவதும் இடுப்புத் தையலில் தொங்கும். மேல்சட்டையைக் கீழே இழுத்து, தோள் தையலைப் பின்னுக்குச் சரியவைக்கும். அரைவட்டமாக வெட்டினால் தேவை 21.5 சதுர அடியாகக் குறையும். 0.8 மி.மீ. ஆட்டுத்தோல் நாப்பாவில் (மென்மையான, வழவழப்பான ஆடைத்தோல்) அதன் எடை 1.2 கிலோ. அப்போதும் கீழ் விளிம்பின் சுற்றளவு 3.6 மீட்டருக்கு மேல் இருக்கும். நடக்கும்போது வீசி விரிவதற்கு அது தாராளம். முழுவட்டம்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், முன்பக்கத்தைக் கால்வட்டமாக அடக்கி, விரிவைப் பின்பக்கத்துக்குக் கொடுங்கள். கண்ணுக்கு விரிவாகத் தெரிவது பின்னால் இருந்து பார்க்கும்போதுதான்.

இத்தகைய நீண்ட துண்டுகளை ஆட்டுத்தோலில் வெட்டும்போது ஒரே தோலில் முழு நீளமும் கிடைக்காது. ஆட்டுத்தோல் ஒன்று பெரும்பாலும் ஐந்து, ஆறு சதுர அடிதான் இருக்கும். முழங்கால் உயரத்தில் ஒரு குறுக்குத் தையலைத் திட்டமிட்டே வையுங்கள். எல்லாத் துண்டுகளிலும் அது ஒரே உயரத்தில் ஓடினால் வடிவமைப்பாகத் தோன்றும்.

கேள்வி: ஆடை வடிவமைப்பு படிக்கும் மாணவி நான். 1890களின் பெண்கள் அணிந்த, தோளில் பெரிதாக உப்பி மணிக்கட்டில் ஒட்டும் கையைத் தோல் ஜாக்கெட்டில் கொண்டுவர நினைக்கிறேன். 1 மி.மீ. மாட்டுத்தோல் வாங்கி வைத்திருக்கிறேன். சுருக்கு விழவே மறுக்கிறது.
– வாசகி, கோவை

பதில்: அந்தக் கை 1830களில் ஒரு முறையும், 1890களின் நடுவில் மறுபடியும் உச்சத்துக்குப் போனது. இரண்டு முறையும் பட்டிலும் கம்பளியிலும்தான் அது வாழ்ந்தது. அந்த உப்பலை உள்ளே விறைப்பான துணி வைத்துத் தூக்கி நிறுத்தினார்கள். உங்கள் தோலுக்கு அந்த உதவி தேவையில்லை, அதற்கே விறைப்பு இருக்கிறது. உங்களுக்கு எதிராக வேலை செய்வதும் அந்த விறைப்பேதான்.

சாதாரணக் கைக்கே துணியில் நாம் கைக்குழி அளவைவிடக் கைமுகட்டில் மூன்று, நான்கு செ.மீ. கூட்டி, இழுத்து அடக்கித் தைக்கிறோம். தோல் அப்படி அடங்காது. ஒரு செ.மீ. கூட்டினாலே தையலில் சுருக்கம் தெரியும். அப்படியிருக்க இருபது, முப்பது செ.மீ. உபரியை அது எப்படி விழுங்கும்? கைவசம் உள்ள 1 மி.மீ. தோலையே பயன்படுத்த வேண்டுமென்றால், கையின் மேற்பகுதியை நான்கு அல்லது ஐந்து துண்டுகளாகப் பிரித்து, உரித்த ஆரஞ்சுச் சுளைகளின் ஓரம்போல ஒவ்வொன்றின் ஓரத்தையும் வெளிநோக்கி வளைத்து வெட்டி இணையுங்கள். உபரி முழுவதும் அந்தத் தையல் வரிகளுக்குள் ஒடுங்கி, கை பந்துபோல உருண்டு நிற்கும். நேர்த்தியாகச் செய்தால் பார்ப்பவர் சுருக்கைத் தேடவே மாட்டார்.

சுருக்குதான் வேண்டுமென்றால் 0.5 அல்லது 0.6 மி.மீ. செம்மறியாட்டு நாப்பாவுக்கு மாறுங்கள். அதிலும் நூல் ஓட்டி இழுக்காதீர்கள். இழுநூலின் துளைகள் அப்படியே நிற்கும். ஒரு செ.மீ. ஆழமுள்ள சிறு ப்ளீட்டுகளாக மடித்து, துணிக்கிளிப்பால் பிடித்து, தையல் விளிம்புக்குள் மட்டும் பசை தடவி நிறுத்திவிட்டுப் பிறகு தையுங்கள். விரிவைக் கைக்குழியின் முழுச் சுற்றிலும் பரப்பாமல் தோள்முகட்டின் இருபுறமும் ஒரு சாண் தூரத்துக்குள் வைத்தால், அக்குள் பகுதியில் தோல் திரளாமல் கை சுலபமாக அசையும்.

கேள்வி: 16ஆம் நூற்றாண்டுத் தோல் சட்டைகளில் சிறு சிறு வெட்டுகள் போட்டிருப்பதைப் படங்களில் பார்க்கிறேன். அவை அலங்காரம் மட்டும்தானா? தைக்கும்போது தோல் கிழிந்துவிடாதா?
– வாசகர், திருச்சி

பதில்: அலங்காரமும் உண்டு, பயனும் உண்டு. 1550களையும் 60களையும் சேர்ந்ததாகக் கருதப்படும் சிறுவன் ஒருவனின் கையில்லாத தோல் சட்டை லண்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மேல்பரப்பு முழுவதும் கீறிய கோடுகள், அவற்றுக்கிடையே இதய வடிவிலும் நட்சத்திர வடிவிலும் குத்திய துளைகள். நெய்த துணியில் இதைச் செய்தால் நூல் பிரிந்து வரும். தோலில் நூலோட்டம் இல்லாததால் வெட்டிய ஓரம் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு சிறு வெட்டும் விறைப்பை ஓரளவு உடைத்து, தோல் உடலோடு வளைந்துகொடுக்க வழிவிடுகிறது. காற்றுக்கும் இடம் கிடைக்கிறது. சுருக்கோ ப்ளீட்டோ இல்லாத, உடலை ஒட்டிய இந்த வகைச் சட்டைக்கு 1.2 முதல் 1.5 மி.மீ. வரையிலான தோல் பொருத்தமானது. வெட்டுகளைச் சாய்வாகவும், ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை இடம் மாறியும் போடுங்கள். தையல் கோட்டிலிருந்து ஒன்றரை செ.மீ. தூரத்துக்குள் எந்த வெட்டும் வர வேண்டாம். பொத்தான் வரிசையின் இருபுறமும் இந்த விதி இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

கேள்வி: உண்மையான தோலுக்குச் செலவழிக்க இயலவில்லை. ரெக்ஸினில் தைத்தால் மேடையில் தெரியுமா?
– வாசகி, சேலம்

பதில்: நிற்கும்போது தெரியாது, அசையும்போது தெரியும். ரெக்ஸினுக்கு அடியில் துணி இருப்பதால் அது சற்றே சுருக்கை ஏற்கும் என்றாலும், மடிப்புகள் கூர்மையாக உடைந்து விளக்கொளியில் பளபளக்கும். வியர்வையை அது உறிஞ்சவும் செய்யாது. பஃப் கோட் போன்ற மங்கலான தோலுக்குப் பதிலாக, மணல் நிறச் சாயம் ஏற்றிய தடித்த ஃபெல்ட்டையோ இரண்டு அடுக்கு ட்ரில் துணியையோ பயன்படுத்தி, முன் ஓரங்களிலும் கழுத்துப்பட்டியிலும் மட்டும் உண்மையான தோலை வைத்துத் தைப்பதையே நான் விரும்புவேன்.

கேள்வி: பெரியமேட்டில் தோல் வாங்கப் போகிறேன். மேல்சட்டை, அதற்குக் கீழே விரியும் பகுதி இரண்டுக்கும் வேண்டும். கடையில் நின்றபடியே எந்தத் தோல் எதற்கு ஆகும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், சென்னை

பதில்: கடைக்காரர் 0.8/1.0 என்பதுபோல இரண்டு எண்களைச் சொல்வார். ஒரே தோலில் மிக மெல்லிய இடமும் மிகத் தடித்த இடமும் அந்த எல்லைக்குள் இருக்கும் என்று பொருள். ஆனால் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பதனிட்ட முறை தடிமனுக்கு இணையாகவே முக்கியம். 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற குரோம் முறைக்குப் பின் வந்த தோல்கள் பொதுவாக மென்மையானவை. வெட்டிய ஓரத்தில் பல சமயம் நீலச் சாம்பல் நிறம் தெரியும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு திண்டுக்கல், ஈரோடு, திருச்சி வட்டாரங்களில் பதனிட்டுப் புகழ்பெற்ற ‘ஈ.ஐ.’ (ஈஸ்ட் இந்தியா) தோலைப் போன்ற பட்டைப் பதனீட்டுத் தோல்கள் ஓரம்வரை பழுப்பாகவும் திடமாகவும் இருக்கும். ஒரே 1.2 மி.மீ. தடிமனில் முன்னது விழும், பின்னது நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முந்தைய உடை என்றால், பழுப்பு ஓரமுள்ள தோலே கண்ணுக்குச் சரியாகப் படும். நீல ஓரத்தை வாங்க நேர்ந்தால் ஓரங்களுக்குச் சாயம் தடவிவிடுங்கள்.

தோலை விரித்துப் பார்க்கும்போது முதுகெலும்புக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதன் இருபுறமும் உள்ள பகுதி உறுதியானது, குறைவாக நீளும்; மேல்சட்டையின் முன்பக்கத்தையும் கழுத்துப்பட்டியையும் அங்கே வெட்ட வேண்டும். வயிற்றுப் பகுதியும் கால் இடுக்குகளும் தளர்ந்து நீளும். விரியும் பகுதியின் துண்டுகளை அங்கே வைத்தால் சில வாரங்களில் கீழ் விளிம்பு அலையலையாகத் தொங்கிவிடும் என்பதால், மறைவான உள்பட்டிகளுக்கும் பைகளுக்கும் அந்த இடத்தை ஒதுக்குங்கள். ஸ்வேட் வாங்கினால் எல்லாத் துண்டுகளின் மென்மயிரும் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். சிக்கனத்துக்காக ஒரு துண்டைத் தலைகீழாக வெட்டினால், ஒளி படும்போது அது வேறு நிறமாகத் தெரியும். இந்த வீணடிப்பையெல்லாம் எண்ணி, கணக்கில் வந்த சதுர அடியைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நான் வாங்குவது வழக்கம்.

விழும் தன்மையைப் பார்க்க, நான் கைப்பையில் ஒரு சிறு பித்தளைச் சொம்பை எடுத்துப் போகிறேன். அதை மேசைமேல் கவிழ்த்து, தோலின் நடுப்பகுதியை அதன்மேல் போட்டுக் கைகளை எடுத்துவிடுவேன். விளிம்பைச் சுற்றி ஏழெட்டு மெல்லிய மடிப்புகள் தாமாக விழுந்தால் அந்தத் தோல் சுருக்கையும் தாங்கும். மூன்று, நான்கு அகன்ற அலைகள் மட்டும் எழுந்தால் அதை அரைவட்ட வெட்டுக்கு வைத்துக்கொள்வேன். அலையே இல்லாமல் குடைபோல விறைத்து நின்றால் அது மேல்சட்டைக்கு உரியது. விரியும் பகுதிக்கு அதைப் பயன்படுத்த வேண்டியிருந்தால் ஆறு பார்ட்டை எட்டாக்கி, ஒவ்வொரு தையலிலும் கொஞ்சம் கொஞ்சமாக விரிவைப் பிரித்துக் கொடுப்பேன். சொம்பை வைத்துப் பார்க்கக் கடைக்காரர்கள் ஒருபோதும் மறுத்ததில்லை. வேறு தோல்களையும் அவர்களே கொண்டுவந்து அதன்மேல் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.